சிறுதேரும் சிறு மோட்டாரும்



வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல, ஆசிரியன் எத்தனை நாள் எடுத்துக்கொள்ளலாம்? ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். நூலகத்துக்குச் சென்று பார்க்க வேண்டுமாயின் ஒரு வாரமும் எடுத்துக்கொள்ளலாம். நானோ ஏறத்தாழ 40 ஆண்டுகள் எடுத்துக்கொண்டுவிட்டேன். அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவே இன்று இந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கிறேன்.

என் ஊர் லப்பைக்குடிக்காடு. பெரம்பலூர் மாவட்டத்தின் வட எல்லையில், வெள்ளாற்றின் கரையில் அமைந்த ஊர். அக்கரையில் திட்டக்குடி; இக்கரையில் நாங்கள். எங்கள் ஊரார் பலர் கடல் கடந்து சென்று பொருள் ஈட்டுபவர். முன்னாளில் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் சென்றனர். பின்னாளில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். விடுமுறையில் திரும்புவோரின் பெட்டிகளில் அத்தரும் ஆடையும் இருக்கும். பிள்ளைகளுக்கென்று விளையாட்டுப் பொருள்களும் இருக்கும்.

1986-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கண்டிப்பே கல்வி என்று எண்ணியிருந்த காலம் அது. எட்டாம் வகுப்பில் நான் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு சிறுவன் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். அருகில் சென்று பார்த்தேன். அவன் கையில் உலோகத்தால் ஆன ஒரு சிறு மோட்டார் கார். மடியில் ஓர் அடிக்கோல்.

“என்ன இது?” என்றேன்.

“அத்தா அனுப்பியது, ஐயா,” என்றான். பிறகு அந்தக் காரைக் கவிழ்த்துக் காட்டி, “ஐயா, இதன் அடியில் 1/43 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன?” என்று கேட்டான்.

அதன் பொருள் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் என் மதிப்பு ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் இளமைச் செருக்கு அதற்கு இடம் தரவில்லை. “கணக்கு வகுப்பில் விளையாட்டா?” என்று அதட்டி, காரைப் பிடுங்கி மேசை அறையில் வைத்துப் பூட்டினேன். ஆண்டு முடிவில் தருவதாகச் சொன்னேன். ஆண்டு முடியுமுன்பே அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் பெயர்ந்துவிட்டது. கார் என்னிடமே தங்கிவிட்டது.

கணக்கு வகுப்பில் அன்று நான் நடத்திய பாடம் என்ன தெரியுமா? விகிதம்! அந்தச் சிறுவன் கேட்டதும் விகிதமே. பாடம் கரும்பலகையில் இருந்தது. அதன் பயன் அவன் கையில் இருந்தது. இரண்டும் ஒன்று என்பதை அறியாதவன் ஆசிரியனாகிய நானே.

இனி விடைக்கு வருவோம். 1/43 என்றால், உண்மையான வண்டியின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 43-இல் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது என்று பொருள். நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டு ஓடிய அம்பாசடர் காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். அதை 1/43 அளவில் செய்தால் 10 சென்டிமீட்டர் ஆகும், உள்ளங்கையில் அடங்கும். இவ்வாறு எல்லா உறுப்புகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்யும் உருவத்தை அளவு மாதிரி என்கிறோம். உலகெங்கும் பல்லாயிரவர் இத்தகைய கார்களைத் தம் கையாலேயே செய்து, வண்ணம் தீட்டி, விளக்கும் கைப்பிடியும் பொருத்தி மகிழ்கின்றனர்.

விடை இவ்வளவுதான் என்றால் இரண்டு நிமிடத்தில் என் பேச்சு முடிந்துவிடும். ஆனால் வண்டியைச் சிறிதாக்கும் இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

சங்கப் புலவர்களுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்பவர் ஒருவர். பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் அவர் பாடியவை. ஒன்று, கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை. மற்றொன்று, தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை. இரண்டிலும் சிறுவர் உருட்டும் சிறுதேர் வருகிறது. பட்டினப்பாலையில் வருவது மூன்று சக்கரத் தேர். குதிரை பூட்டாத தேர். முற்றத்தில் காயும் உணவைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அந்தக் காதணி சிறுவரின் தேருக்கு முன்னே கிடந்து வழியைத் தடுக்கிறது. பட்டினத்தின் செல்வ வளத்தைப் புலவர் இப்படிக் காட்டுகிறார்.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் தேரோ வேறு வகையில் சிறந்தது. ஏறி ஊர்வதற்கு ஆகாத அந்தத் தேர், தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும்படி செய்யப்பட்டதாம். இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். உழவன் மகன் வியந்தால் அதில் பெருமை இல்லை. அவனுக்குத் தச்சின் நுட்பம் தெரியாது. தச்சன் மகனோ தேர் செய்வதைப் பிறந்த நாள் முதல் பார்த்து வளர்பவன். அச்சு எங்கே அமைய வேண்டும், ஆரக்கால் எவ்வளவு பருமன் இருக்க வேண்டும் என்று அறிந்தவன். அவனும் ஆசைப்பட்டான் என்றால், அந்தச் சிறுதேர் பெருந்தேரைப் பிழையின்றி ஒத்திருந்தது என்றுதானே கொள்ள வேண்டும்? அளவு மாதிரிக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. தொழில் அறிந்தவன் கண்ணில் தேறுவதே மாதிரி, மற்றவை பொம்மை.

பின்வந்த புலவர்கள் சிறுதேரைக் குழந்தைப் பருவத்தின் நிறைவாகவே கருதினர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் காப்புப் பருவம் முதலாவது. சிறுதேர்ப் பருவம் இறுதியானது. தேரை உருட்டத் தெரிந்தவுடன் பிள்ளை வளர்ந்துவிட்டான் என்பது அவர்கள் கண்ட முடிவு. வடமொழியில் சூத்திரகர் எழுதிய நாடகம் ஒன்றுக்கே சிறுவண்டியால் பெயர் வந்தது. பொன் வண்டி வேண்டும் என்று அழுத ஏழைச் சிறுவனின் மண் வண்டியில், வசந்தசேனை தன் நகைகளை இட்டு நிரப்புகிறாள். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதனை மண்ணியற் சிறுதேர் என்னும் பெயரில் தமிழாக்கினார்.

இலக்கியத்தை விட்டு மண்ணுக்குள் இறங்கினால் இன்னும் பழைய சிறுவண்டிகள் கிடைக்கின்றன. அரப்பா, மொகஞ்சதாரோ முதலிய சிந்துவெளி நகரங்களில் சுட்ட மண்ணால் செய்த வண்டிச் சட்டங்களும் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அரப்பாவிலும் சான்குதாரோவிலும் செம்பாலும் வெண்கலத்தாலும் ஆன சிறு வண்டிகளும் கிடைத்தன. 1974-ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் தைமாபாத் என்னும் ஊரில், இரட்டைக் காளை பூட்டிய வெண்கல வண்டி ஒன்று கிடைத்தது. அதை ஓட்டும் மனிதனும் அதில் நிற்கிறான்.

இங்கே ஒரு வியப்பைக் காண்கிறோம். சிந்துவெளியில் 4,000 ஆண்டுகளுக்கு முன் பொதி சுமந்து ஓடிய மரவண்டி ஒன்றாவது முழுமையாக நமக்குக் கிடைத்ததா? இல்லை. மரம் மக்கிற்று, கயிறு இற்றுப்போயிற்று. ஆனால் யாரோ ஒரு குழந்தைக்காக யாரோ பிசைந்து சுட்ட மண்வண்டி நிலைத்துவிட்டது. அதன் சட்டத்தில் உள்ள துளைகளைப் பார்த்துப் பக்கக் குச்சிகள் எங்கே நின்றன என்று அறிகிறோம். சக்கரத்தைப் பார்த்து அது ஆரக்கால் இல்லாத முழு வட்டம் என்று அறிகிறோம். பெரியது அழிந்தபின் சிறியது சாட்சி சொல்கிறது. மாணவர்களே, இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் மீண்டும் இதற்கு வருவேன்.

சிறுவண்டி பழமைக்குச் சாட்சி மட்டுமன்று. புதுமைக்கு முன்னோடியும் அதுவே. மோட்டார் வண்டியின் பிறப்பை ஆராய்ந்தால் இது விளங்கும். 17-ஆம் நூற்றாண்டில் சீனப் பேரரசர் காங்சியின் அவையில் பெர்டினாண்டு வெர்பியெஸ்ட் என்னும் பெல்ஜியப் பாதிரியார் இருந்தார். நீராவியின் விசையால் தானே ஓடும் சிறு வண்டி ஒன்றைப் பற்றி அவர் தம் நூலில் எழுதியுள்ளார். அந்நூல் 1687-இல் வெளிவந்தது. அவர் குறித்த வண்டியின் நீளம் இரண்டடிக்குச் சற்று மேல். ஆள் ஏற முடியாது. அதுவும் ஊரா நல்ல தேரே!

பிரான்சு நாட்டில் நிக்கோலா கூனோ 1769-இல் நீராவி வண்டியைச் சிறிய வடிவில் செய்து பார்த்தபின்பே, 1770-இல் பெரிய வண்டியைச் செய்தார். இங்கிலாந்தில் வில்லியம் மர்டாக் என்னும் பொறியாளர் 1784-இல் ரெட்ரூத் என்னும் ஊரில் நீராவி வண்டி மாதிரி ஒன்றைச் செய்து ஓட்டினார். அதற்கு மூன்று சக்கரங்கள். பூம்புகார்ச் சிறுவனின் தேருக்கும் மூன்று சக்கரங்களே என்பதை எண்ணி நான் புன்னகை கொள்வதுண்டு. மர்டாக்கின் மாதிரி இன்றும் பர்மிங்காம் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே வட்டாரத்தைச் சேர்ந்த ரிச்சர்டு டிரெவிதிக், தாமும் மாதிரிகள் பல செய்து பார்த்துவிட்டு, 1801-இல் ஆட்களை ஏற்றிச் செல்லும் நீராவி வண்டியைச் சாலையில் ஓட்டினார். சிறியதில் பிழை கண்டு திருத்தினால் செலவு குறைவு; பெரியதில் பிழை கண்டால் உயிருக்கே இடர்.

இவ்வழக்கம் இன்றும் மாறவில்லை. அமெரிக்காவில் 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த ஹார்லி எர்ல், புதிய கார்களின் வடிவத்தைக் களிமண்ணில் செய்து பார்க்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். கணிப்பொறி வந்த பின்னும் கார் நிறுவனங்கள் களிமண்ணைக் கைவிடவில்லை. கண்ணும் கையும் ஒருங்கே தொட்டு அறியும் வளைவைத் திரையில் முழுதும் அறிய இயலாது போலும்.

அதே நிறுவனத்தின் கிளையான பிஷர் பாடி, 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கு ஒரு போட்டி நடத்திற்று. முதலில் நெப்போலியனின் அரச வண்டியை ஒத்த மாதிரியைச் செய்யச் சொன்னார்கள். பிறகு தாமே கற்பனை செய்த மோட்டார் காரின் மாதிரியைச் செய்யச் சொன்னார்கள். வென்றவர்க்குப் பல்கலைக்கழகக் கல்விக்கு உதவித்தொகை கிடைத்தது. 1947-இல் அவ்வாறு வென்ற சார்லசு ஜோர்டான் என்னும் இளைஞர், பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். சிறுதேர் செய்த கை பெருந்தேர் செய்யும் கையாயிற்று.

இனி, 43 என்ற எண் எங்கிருந்து வந்தது? 40 என்றோ 50 என்றோ வைத்திருந்தால் கணக்கு எளிதாக இருக்குமே! இதற்கு விடை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உள்ளது. அங்கே பிராங்கு ஹார்ன்பி என்பவர் இறைச்சி இறக்குமதி நிறுவனம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்தார். தம் பிள்ளைகள் விளையாடுவதற்காகத் தகட்டுப் பட்டைகளில் அரை அங்குலத்துக்கு ஒரு துளையிட்டு, ஆணியும் திருகும் கொண்டு பாலமும் பாரந்தூக்கியும் கட்டிக் காட்டினார். 1901-இல் அதற்கு உரிமை பெற்றார். அதுவே பின்னர் மெக்கானோ என்று உலகப் புகழ் பெற்றது. 1920 முதல் அவர் நிறுவனம் சிறு இரயில்களையும் செய்தது. அந்த இரயில்களில் உண்மையான ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது கணக்கு. ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். அதை 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 43-க்குச் சற்று மேல் வரும். 1930-களில் அந்த இரயில் நிலையத்தின் அருகே நிறுத்தி வைக்கச் சிறு கார்கள் தேவைப்பட்டன. அவையே 1934-இல் டிங்கி என்னும் பெயர் பெற்றன. இரயிலுக்குத் துணையாக வந்த கார், இரயிலின் கணக்கையே தன் கணக்காகக் கொண்டது. 1/43 என்ற அளவு அவ்வழியே வேரூன்றிற்று.

மற்ற அளவுகளுக்கும் இத்தகைய காரணங்கள் உண்டு. 1/24 என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம். 1/72 என்பது ஆறடிக்கு ஓர் அங்குலம். அடியும் அங்குலமும் அளந்த தச்சர்களின் வழக்கம் இன்றைய மாதிரிகளில் இப்படி ஒளிந்து வாழ்கிறது.

பள்ளிக்கும் சிறு கார்களுக்கும் ஒரு சுவையான தொடர்பு உண்டு. இலண்டனில் லெஸ்னி என்னும் நிறுவனத்தில் ஜாக் ஓடெல் என்னும் பொறியாளர் இருந்தார். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். தந்தை பித்தளையால் ஒரு சிறு சாலை உருளையைச் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் கேட்டனர். 1953-இல் தீப்பெட்டி என்று பொருள்படும் மேட்ச்பாக்ஸ் என்னும் பெயரிலேயே அவை கடைக்கு வந்தன. ஒரு பள்ளியின் விதி ஒரு தொழிலையே பிறப்பித்தது. நான் விதித்த விதியோ ஒரு சிறுவனின் கேள்வியைப் பூட்டி வைத்தது.

ஆனால் அந்தத் தீப்பெட்டி வண்டிகளில் ஒரு குறையும் உண்டு. பேருந்தும் அதே பெட்டியில் அடங்க வேண்டும். சிறு காரும் அதே பெட்டியை நிரப்ப வேண்டும். ஆகவே பேருந்தை மிகுதியாகச் சுருக்கினார்கள். காரைக் குறைவாகச் சுருக்கினார்கள். அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே அளவு! விளையாடுவதற்கு இது போதும். ஆனால் 1,000 ஆண்டுகள் கழித்து ஒருவர் மண்ணிலிருந்து இவற்றைத் தோண்டி எடுத்தால், 20-ஆம் நூற்றாண்டில் காரும் பேருந்தும் ஒரே நீளம் என்றன்றோ எழுதிவிடுவார்? விகிதம் தவறிய மாதிரி பொய்ச் சாட்சி. இதனால்தான் அந்தச் சிறுவனின் காரில் பொறித்திருந்த 1/43 மதிப்புடையதாகிறது. அது வெறும் எண் அன்று. நான் அளந்தே செய்யப்பட்டேன் என்னும் உறுதிமொழி.

இந்தியாவிலும் இத்தொழில் நடந்தது. டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. நிக்கி என்னும் பெயரில் கார்கள் வார்க்கப்பட்டன. லிவர்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. இதற்கிடையே, உறுப்புகளைத் தனித்தனியே வார்த்துப் பெட்டியில் இட்டு, வாங்குபவரே ஒட்டிப் பூட்டும் பிளாஸ்டிக் தொகுப்புகளும் பரவின. இங்கிலாந்தின் ஏர்பிக்சு நிறுவனம் 1952-இல் ஒரு பாய்க்கப்பலை இவ்வாறு வெளியிட்டது, அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1958 முதல் கார்களை 1/25 அளவில் ஆண்டுதோறும் வெளியிட்டது.

விகிதத்தைப் பற்றி இன்னும் ஒரு நுட்பம் சொல்கிறேன். கணக்கில் ஆர்வம் உடையோர் கூர்ந்து கேளுங்கள். திருவாரூர் ஆழித்தேரை அறிவீர்கள். அலங்காரம் முடிந்த நிலையில் அதன் உயரம் 96 அடி. எடை ஏறத்தாழ 300 டன். அதை 1/24 அளவில் செய்தால் உயரம் 4 அடி. எடை எவ்வளவு? 300-ஐ 24-ஆல் வகுத்துப் பன்னிரண்டரை டன் என்று சொல்லிவிடாதீர்கள்! நீளமும் அகலமும் உயரமும் தனித்தனியே 24 மடங்கு குறைகின்றன. ஆகவே எடை 24-ஐ மும்முறை பெருக்கிய 13,824 மடங்கு குறையும். அதே பொருள்களால் செய்தால் ஏறத்தாழ 22 கிலோ; ஒரு சிறுவன் இழுத்துச் செல்லலாம். உருவம் பெருகப் பெருக எடை வலிமையை மிஞ்சும் என்னும் இவ்வுண்மையைக் கலீலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மாதிரியில் நிற்கும் மெல்லிய தூண் பெரிய கட்டடத்தில் நில்லாது என்பது இதனால்தான்.

வண்ணத்திலும் இக்கணக்கு உண்டு. தாள் அளவே தடித்த, அதாவது 0.1 மில்லிமீட்டர் தடித்த வண்ணப் பூச்சு, 1/43 அளவில் 4.3 மில்லிமீட்டர் தடிப்புக்குச் சமம். உண்மையான காரின் மேல் அவ்வளவு தடிப்பாக வண்ணம் அப்பினால் கதவின் இடுக்கே மறைந்துபோகும் அல்லவா? ஆகவே தேர்ந்த கலைஞர் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, மென்மையாகப் பலமுறை பூசுவர். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பர். பிறகு கதவின் கோட்டில் சிறிது கருமை ஓடவிடுவர். உழைத்த வண்டியாயின் சக்கரத்தின் உட்புறத்தில் சேற்றின் நிறத்தையும், படியில் தேய்ந்த தடத்தையும் காட்டுவர். பாரம் ஏற்றிய வண்டியாயின் டயரின் அடியைச் சற்றே தட்டையாக்குவர். இவை அலங்காரம் அல்ல. உண்மையைச் சொல்லும் நேர்மை.

பணி ஓய்வு பெற்ற பின் நான் இக்கலையைக் கற்றேன். கடையில் விற்கும் தொகுப்புகளின் விலை எனக்கு எட்டவில்லை. ஆகவே அட்டையும் மரமும் கொண்டு தொடங்கினேன். எங்கள் மாவட்டத்திலேயே, பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கோயில்களுக்குத் தேர் செய்து தரும் கைகள் அங்கே உண்டு. அளவின்றி உளி எடுக்கக் கூடாது என்பதை அந்தச் சிற்பிகளின் வேலையைப் பார்த்தே உணர்ந்தேன். முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு முழு உருவத்தையும் அளக்கும் அவர்களின் தாலக் கணக்கும் விகிதமே.

நான் முதலில் செய்த மாதிரி காரன்று, மாட்டு வண்டி. ஏன் என்று சொல்கிறேன். என் இளமையில் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாக எறையூர்ச் சர்க்கரை ஆலையை நோக்கிச் செல்லும். இரவு முழுதும் அந்தச் சக்கரங்களின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி, நுகத்தடி என்று அதன் உறுப்புகளின் பெயர் எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பின்னர் டயர் வண்டி வந்தது. அடுத்து டிராக்டர் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், மாதிரி செய்வதற்காக மரச்சக்கர வண்டி ஒன்றை அளக்க விரும்பி ஊர் ஊராகத் தேடினேன். ஒரு களத்து மேட்டில், அச்சு முறிந்து, பாதி கறையான் தின்ற வண்டி ஒன்று கிடந்தது. நாடா கொண்டு அதை அளந்தேன். அருகே நின்ற கல்லூரி மாணவர் ஒருவரிடம், “தம்பி, இந்தக் குடத்தைக் கொஞ்சம் துடைத்துவிடுங்கள்,” என்றேன். அவர் தண்ணீர்க் குடத்தைத் தேடினார். பொருள் போனால் சொல்லும் போய்விடுகிறது என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன். அடுத்த மழைக்காலத்தில் அந்த வண்டியும் மண்ணாயிற்று. என் மேசைமேல் இருக்கும் 1/12 மாதிரிதான் இப்போது அதற்குச் சாட்சி.

மாட்டு வண்டிக்கு நேர்ந்ததே மோட்டார் வண்டிக்கும் நேர்கிறது. உத்தர்பாராவில் 1958 முதல் செய்யப்பட்ட அம்பாசடர் 2014-இல் நின்றுபோயிற்று. நம் சென்னையிலேயே 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் அழகிய கார் செய்யப்பட்டது. அதைச் செய்த நிறுவனம் இன்று இல்லை. இன்று தெருவில் எண்ணற்று ஓடுவது நாளை அரியதாகும். மறுநாள் இல்லாமலே போகும். எண்ணற்று இருக்கும்போது அதை அளந்து வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அளக்கத் தோன்றும்போது அது இருப்பதில்லை.

ஆதலால், மாணவர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். விலை உயர்ந்த அயல்நாட்டுக் காரின் மாதிரியை வாங்கி அடுக்குவது தவறன்று. ஆனால் உங்கள் ஊரில் இன்று ஓடும் வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சிற்றூர்க்குச் செல்லும் சிறு பேருந்தாக இருக்கட்டும். கரும்பு ஏற்றும் டிராக்டராக இருக்கட்டும். தெருவில் காய் விற்கும் மூன்று சக்கர வண்டியாகவே இருக்கட்டும். உரியவரிடம் இசைவு பெற்று, நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பக்கத் தோற்றம், முன் தோற்றம், மேல் தோற்றம் ஆகிய மூன்றையும் தாளில் வரையுங்கள். ஓர் அளவைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதனாலேயே வகுத்திடுங்கள். பழைய அட்டைப்பெட்டி, கத்தரி, பசை, உப்புத்தாள் இவை போதும். முதல் மாதிரி கோணலாக வரும். என்னுடையதும் அப்படித்தான் வந்தது. முடிந்ததும் அதன் அடியில் வண்டியின் பெயர், ஊர், ஆண்டு, அளவு நான்கையும் எழுதிவிடுங்கள். பிறகு அந்த வண்டியைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, விருப்பத்தோடு முகம் மலர்ந்தால், தச்சன் மகன் விரும்பிய தேரை நீங்களும் செய்துவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். பெரியது அழிந்தபின் சிறியது சாட்சி சொல்லும் என்றேன். அந்தச் சாட்சி உண்மை சொல்வதும் பொய் சொல்வதும் நீங்கள் பிடிக்கும் அடிக்கோலில் இருக்கிறது.

ஆசிரியர்களாக இருப்போர்க்கும் ஒரு சொல். மாணவன் கையில் பொம்மையைக் கண்டால் உடனே பிடுங்காதீர்கள். அவன் மடியில் அடிக்கோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்தச் சிறு கார் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை தூசி துடைத்து வைக்கிறேன். அதற்கு உரியவருக்கு இப்போது 50 வயது கடந்திருக்கும். எந்த நாட்டில் இருக்கிறாரோ, அறியேன். வானொலியின் அலை கடலையும் கடக்கும் என்பர். எங்கேனும் இருந்து அவர் இதைக் கேட்பாராயின், அவருக்குச் சொல்கிறேன்: தம்பி, 1/43 என்றால் நாற்பத்துமூன்றில் ஒரு பங்கு. அன்று எனக்குத் தெரியாது. உன் கார் பத்திரமாக இருக்கிறது, வந்து பெற்றுக்கொள்.